சித்தப்பா குளித்த தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு தவறான இரங்கல் செய்தியிலிருந்து பிறந்தது. அதை அனுப்பியவன் நான். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

புனேயில் இருக்கிற தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். முருங்கைக்காய் எந்தச் சந்தையில் கிடைக்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் உறுதியாகிவிட்டதா, இட்லி அரிசி என்று மராத்தியில் எப்படிக் கேட்பது: பெரும்பாலும் இப்படிப்பட்ட பேச்சுதான். டிசம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, செல்வமேரி என்ற பெயரிலிருந்து இப்படி ஒன்று வந்தது:

“சித்தப்பா போயாச்சு. ஒண்ணும் பண்ண முடியல. மதியத்துக்குள்ள நூறு லிட்டர் தண்ணி வேணும். ஹெல்ப்.”

நான் அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். யோசிக்கவில்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டி, கூப்பிய கைகள் இரண்டைப் போட்டு அனுப்பினேன். நான்தான் முதல். என்னைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து ஏழு பேர். கால்மணி நேரத்துக்குள் அறுபது ஜோடிக் கைகள் கூப்பியிருந்தன. ஒருவர் மெழுகுவர்த்திப் படம் போட்டார். ஒருவர், எந்தக் கல்லறைத் தோட்டம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

சித்தப்பா அந்த நேரத்தில் செல்வமேரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

2

இதை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம். முதலில் இப்படி எழுதினேன்:

‘கசார்வாடியின் மேல் பனி இறங்கிய ஒரு காலையில், நெடுஞ்சாலை லாரிகள் ஒரு பெரும் மிருகத்தின்—’

(அடித்துவிட்டேன். லாரி லாரிதான்.)

அடுத்து இப்படி:

‘தண்ணீர் என்பது என்ன? ஆதியிலே—’

(இதைச் செல்வமேரியிடம் போனில் படித்துக் காட்டினேன். “தண்ணின்னா என்னன்னு நான் சொல்றேன் சார். டி.டி.எஸ்., அதான் கரைஞ்ச உப்பு, நூத்திப் பத்து, வெப்பம் இருபத்தொம்போது, குளோரின் ஸீரோ. அவ்ளோதான். ஆதி வேண்டாம்” என்றாள். சரி, ஆதி வேண்டாம்.)

ஆகவே ஆளிலிருந்தே தொடங்குகிறேன்.

செல்வமேரிக்கு முப்பத்தொன்பது வயது. போசரியில் ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் தரப் பரிசோதகர். மற்றவர்கள் செய்துகொண்டு வரும் இரும்புத் துண்டுகளை அளந்து, தலைமுடி அளவுக்குக் கூடக்குறைய இருந்தாலும் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கசார்வாடியில் மூன்றாவது மாடி வீட்டில் அம்மாவும் அவளும். அப்பா இருந்தவரைக்கும் வீட்டில் திருநெல்வேலித் தமிழ். இப்போது அதில் பாதி இந்தி கலந்துவிட்டது. கூடத்தில் இருநூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு டிஸ்கஸ் மீன்கள். சாப்பாட்டுத் தட்டுபோல வட்டமாக, தட்டையாக, ஆரஞ்சு நிறத்தில் நீலக் கோடுகளோடு இருக்கும். மீன்களிலேயே மகா கோபக்காரர்கள் இவர்கள். தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தால் கறுத்துப் போவார்கள். கொஞ்சம் உப்புக் கூடினால் மூலையில் போய் நின்று சுவரைப் பார்ப்பார்கள்.

நான்கு வருடம் காத்திருந்து அந்த ஜோடி முட்டையிட்டது. ஐந்து முறை முட்டையைத் தாங்களே தின்றுவிட்டு, ஆறாவது முறை குஞ்சு பொரித்தது. கதை நடந்த வியாழக்கிழமை குஞ்சுகளுக்கு ஒன்பது நாள் வயது. இந்த மீன்குஞ்சுகள் தாய் தகப்பனின் மேல்தோலில் ஊறும் கோழையைத்தான் தின்னும். பாலூட்டுகிற மாதிரிதான், என்ன, அப்பாவும் ஊட்டுவார். அம்மா கொஞ்சநேரம் நிற்பாள், பிறகு உடம்பை ஒரு உதறு உதறுவாள், கூட்டம் மொத்தமும் அப்பாவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து செல்வமேரி ஆபீசுக்குத் தாமதமாகப் போனாள். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

3

தண்ணீரைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சித்தப்பா இதில்தான் குளிக்கப் போகிறார்.

குழாயில் வருவதை அப்படியே தொட்டியில் ஊற்ற முடியாது. நாம் குடிப்பதற்காக அதில் போடும் குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். எனவே முன்னாலேயே பிடித்து, திறந்து வைத்து, குளோரின் பறந்து போக விட வேண்டும். செல்வமேரி பாத்ரூமில் ஒரு நீல ட்ரம் வைத்திருந்தாள், நூறு லிட்டர். செவ்வாய்க்கிழமை மாலை நகராட்சித் தண்ணீர் வந்தபோது நிரப்பினாள். அடியில் காற்றுக்கல் போட்டுக் குமிழிவிட வைத்தாள். ஒரு சின்ன ஹீட்டரைத் தொங்கவிட்டு இருபத்தொன்பது டிகிரியில் நிறுத்தினாள். காய்ந்த பாதாம் இலை மூன்று போட்டாள். அதன் சாறு இறங்கினால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், குஞ்சுகளுக்கு நோய் அண்டாது.

*ஒரு குறிப்பு: அந்த ட்ரம்மை வாங்கிய இடத்தில்தான் அவள் அருண்ராஜைச் சந்தித்தாள். கட்கி பஜாரில் ஒரு பிளாஸ்டிக் கடை. புது ட்ரம்மில் பிளாஸ்டிக் வாடை இருந்தால் அது தண்ணீரில் இறங்கும். எனவே ஒவ்வொரு ட்ரம்முக்குள்ளும் தலையைவிட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்கு வாஷர் வாங்க வந்த அருண்ராஜ், “ஐயோ, உள்ள என்னத்தப் போட்டுட்டுத் தேடுதாவளோ” என்று தனக்குத்தானே சொன்னார். ட்ரம்முக்குள்ளிருந்து தமிழில் பதில் வந்தது: “ஒண்ணும் போடல. வாசனை இல்லாத ட்ரம் தேடறேன்.” அருண்ராஜுக்கு வயது நாற்பத்திரண்டு. கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, போபோடியில் வீடு. கூச்ச சுபாவம், கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் வெளியே போய் ஸ்கூட்டர் துடைத்தே வயதை ஓட்டியவர். அன்றைக்கு அவளோடு சேர்ந்து ஒன்பது ட்ரம்களை மோந்து பார்த்தார்.*

இந்தக் காட்சியைப் பெரிய அத்தியாயமாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அங்கே ரயில் வந்துவிட்டது.

4

ரயிலில் வந்தவர் சேவியர் சித்தப்பா. அருண்ராஜுக்குச் சொந்த சித்தப்பா; அப்பா இறந்த பிறகு எதற்கும் அவர் சொல்தான். வயது அறுபத்தெட்டு. வள்ளியூரிலிருந்து ஒன்றரை நாள் பயணம். பெண்ணைப் பார்த்துச் சம்மதம் சொல்லத்தான் வந்தார். அருண்ராஜ் அவரைத் தன் வீட்டுக்குத்தான் அழைத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் போபோடியில் அன்று குழாயில் தண்ணீர் வராது. வியாழக்கிழமைதோறும் ஏதாவது பராமரிப்பு என்று நிறுத்திவிடுவார்கள். பிடித்துவைத்த தண்ணீர் சமையலுக்குத்தான் காணும். “எங்க வீட்ல குளிக்கட்டுமே, பரவால்ல” என்று சொன்னது செல்வமேரிதான். இதை அவளே சொன்னாள் என்பதை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். எழுதிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அவள் தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரை ட்யூப் வைத்து இறக்கினாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்கிற வேலை: அழுக்குத் தண்ணீர் நூறு லிட்டர் வெளியே, தயாரித்த தண்ணீர் நூறு லிட்டர் உள்ளே. தண்ணீர் மட்டம் இறங்கியதும் தொட்டி ஹீட்டர் வெளியே தெரியும், அதை அணைத்தாள். ட்ரம்மிலிருந்து மொண்டு ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது அம்மா அடுப்பங்கரையிலிருந்து கத்தினாள்.

“மேரி! அவிய பக்கத்துல தாபோடி வரைக்கும் வந்தாச்சாம்! தயிரே இல்லட்டி!”

பத்து நிமிடம்தானே என்று கீழே இறங்கினாள். கடையில் தயிர் தீர்ந்திருந்தது. அடுத்த கடைக்கு நடந்தாள். அங்கே சில்லறையாகத் தருவதில்லை என்றார்கள். அதற்கடுத்த கடைக்கு நடந்தாள். பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது.

அதற்குள் வந்துவிட்ட சித்தப்பாவிடம் அம்மா சொன்ன வார்த்தைகள் இவை, சொல் மாறாமல்: “பாத்ரூம்ல வெந்நி இருக்கு. குளிச்சிட்டு வாங்க.”

அம்மா சொன்னது கீசர் பக்கத்திலிருந்த வாளியை. சித்தப்பா பார்த்தது ட்ரம்மை.

(இங்கே எனக்கு அம்மாவின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. இதற்கு முன் ஏழு பேர் பெண் பார்க்க வந்து போயிருக்கிறார்கள். ஏழு முறையும் அம்மா தொட்டியின் மேல் பெட்ஷீட் போட்டு மூடியிருக்கிறாள். மீனைப் பார்த்தால் மாப்பிள்ளை ஓடிவிடுவான் என்று எண்ணம். வேண்டுமென்றே சொல்லியிருப்பாளோ? நேரிலேயே கேட்டேன். “எனக்கு எதுக்குப்பா வேண்டாத வேல” என்று சொல்லிவிட்டு என் தட்டில் இரண்டாவது இட்லி வைத்தாள். சந்தேகத்தை இத்தோடு விடுகிறேன்.)

5

செல்வமேரி தயிரோடு மேலே ஏறி வந்தபோது வீடு முழுக்க சோப்புத்தூள் மணம். அருண்ராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வெள்ளை வேட்டியில், ஈரத் தலையோடு, பளபளவென்று நின்றார்.

“வாம்மா, வா! என்னா குளியல்! இப்படி ஒரு குளியல் நான் குளிச்சதே இல்ல. மூலிகத் தண்ணி, இதமான சூடு, அடியிலருந்து கொமிழி கொமிழியா வருது! மேலு வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. சும்மா பொண்ணு பாக்க வந்தவனுக்கு இப்படி ஒரு உபசாரமா!”

செல்வமேரி தயிரை மேசையில் வைத்தாள். “எந்தத் தண்ணி?”

“அந்த நீல ட்ரம்முதான். கரண்டுக் கம்பி ஒண்ணு தொங்குச்சு, ஆபத்துல்லா, பிடுங்கி வச்சிட்டுதான் குளிச்சேன். ரயில்ல போட்ட துணியையும் அதுலயே அலசிட்டேன்.”

“மிச்சம்?”

“மிச்சத்தக் கொட்டிட்டேன்மா. அடியில இல அழுகிக் கிடந்துது. வயசானவங்க இருக்க வீடு, உன்னால எல்லாம் பாக்க முடியுமா? நல்லா சோப்புப் போட்டுத் தேச்சு, கவுத்தி வச்சிருக்கேன். இப்பப் போய்ப் பாரு, புது ட்ரம்மு மாதிரி இருக்கும்.”

இந்த இடத்தில் நல்ல பெண்கள் என்ன செய்வார்கள் என்று செல்வமேரிக்குத் தெரியும். ஏழு முறை செய்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள்.

தொட்டியைப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெறும் கண்ணாடி. இருந்த தண்ணீரில் இரண்டு பெரிய மீன்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஆரஞ்சு மங்கிச் சாம்பல் ஏறத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் தெரியாமல் தூசி மாதிரி சிதறிக் கிடந்தன. வெப்பமானி இருபத்தாறு காட்டியது. வெளியே டிசம்பர்.

“யார் உங்களத் தேய்க்கச் சொன்னது?” என்றாள். சத்தமாகவே. “அது குளிக்கிற தண்ணி இல்ல! ரெண்டு நாள் ஆச்சு அதத் தயார் பண்ண! அது இதுங்களோட தண்ணி! குழந்தைங்களோட தண்ணி! கேக்கணும்ல? ஒரு வார்த்த கேக்கணும்ல?”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அருண்ராஜின் கண் பால்கனி வழியே, கீழே நின்ற ஸ்கூட்டர் பக்கம் போனது. துடைக்கப் போய்விடுவாரோ என்று நானே பயந்தேன், எழுதும்போது. போகவில்லை. எழுந்து வந்து தொட்டிக்கு முன்னால் அவள் பக்கத்தில் நின்றார்.

சித்தப்பா தொட்டியைப் பார்த்தார். குனிந்து, மூக்கு கண்ணாடியில் படும்படி பார்த்தார். தூசி என்று நினைத்தது நீந்துவதைப் பார்த்தார். முகத்திலிருந்த பளபளப்பெல்லாம் இறங்கிவிட்டது.

“தெரியாதும்மா” என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். “எத்தன லிட்டர்?”

6

*வாசகர்கள் சிலர் இங்கே கை தூக்குவார்கள். குழாயைத் திறந்தால் என்ன? கசார்வாடியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நகராட்சித் தண்ணீர், அதுவும் மாலையில்தான் வரும். மாடித் தொட்டியில் இருந்தது லாரியில் வந்த போர் தண்ணீர், உப்பு எக்கச்சக்கம், போதாததற்குத் தொட்டி கழுவிய பிளீச்சிங் வாடை. கேன் தண்ணீர்? அதில் உப்பே இல்லை; மொத்தமாக ஊற்றினால் குஞ்சுகளுக்கு அதுவும் அடிதான். எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். நாம் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறோம், அவள் நின்றுகொண்டு யோசித்தாள்.*

தட்ட நேரமில்லாமல், போனிடம் பேசி அதையே எழுதவிட்டுச் செய்தி அனுப்பினாள். அனுப்ப நினைத்தது மீன் வளர்ப்பவர்கள் குழுவுக்கு. போனது எங்கள் குழுவுக்கு. அவள் சொன்னது ‘சித்தப்பாவால போயாச்சு’, அதாவது தண்ணீர். நடுவிலிருந்த ‘வால’ என்ற வாலைப் போன் விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு நானும் என் கூப்பிய கைகளும்.

நாங்கள் நானூறு பேர் கைகூப்பிக்கொண்டிருந்தபோது ஒரே ஒருத்திதான் போனை எடுத்துக் கூப்பிட்டாள். போபோடியில் தையல்கடை வைத்திருக்கும் தமிழரசி. செல்வமேரியின் ரவிக்கையெல்லாம் அவள் தைத்ததுதான்.

“மேரி, தைரியமா இரு. அழாத. நூறு லிட்டர்தான? எங்க லைன்ல வீட்டுக்கு வீடு நேத்தே புடிச்சு வெச்ச தண்ணி இருக்கு. இன்னைக்குத் தண்ணி வராதுன்னு எல்லாரும் ரொப்பி வெச்சிருக்கோம்.”

செல்வமேரியின் அழுகை டக்கென்று நின்றது. “நேத்தா? நேத்து எத்தன மணிக்கு?”

“காலைல ஆறுக்கு. ஏன்?”

“மூடி வெச்சதா, திறந்து வெச்சதா?”

தமிழரசி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாளாம். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாள். “திறந்துதான் இருக்கும்மா” என்றாள், குழந்தையிடம் பேசுவதுபோல.

“எதையும் தொடாதீங்க! நாங்க வர்றோம்!”

7

இனி நடந்ததை எழுதும்போது நான் தனியாகச் சிரித்ததால் என் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

போபோடியின் அந்தச் சந்தில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். சந்தின் இருபுறமும் குடம், டப்பா, அண்டா, வாளி. பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் கேட்கிறார்கள், வீட்டில் ஒரு சொட்டு இல்லையாம், பாவம், என்று பேசிக்கொண்டார்கள். தமிழரசி சாமந்தி மாலை ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள்.

முதலில் ஸ்கூட்டர் வந்தது. அருண்ராஜ், பின்னால் செல்வமேரி. தமிழரசி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னால் ஆட்டோ வந்து நின்றது. ஐந்து காலிக் கேன்களுக்கு நடுவிலிருந்து சேவியர் சித்தப்பா இறங்கினார்; எண்ணெய் பளபளக்க, வேட்டியை மடித்துக் கட்டி, மணக்க மணக்க.

“இவரு யாரு?” என்றாள் தமிழரசி.

“சித்தப்பா” என்றார் அருண்ராஜ்.

“இன்னொரு சித்தப்பாவா?”

“இல்ல. அதே சித்தப்பாதான்.”

சித்தப்பா மாலையைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், அழுத முகங்களைப் பார்த்தார். யாரும் விளக்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

“செத்தது நாந்தாம்மா” என்றார். “தண்ணியில முங்கிட்டேன்.”

முதலில் சிரித்தது எண்பது வயது அம்மாள் ஒருத்தி, பல்லில்லாமல். பிறகு சந்து முழுக்க.

செல்வமேரி மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனா மாதிரி இருந்த உப்பளக்கும் கருவியையும் சின்னக் கண்ணாடிக் குழாயையும் மருந்துப் புட்டியையும் எடுத்துவிட்டாள். குழாயில் கொஞ்சம் தண்ணீர், ஐந்து சொட்டு மருந்து; மஞ்சளானால் குளோரின். அவள் வேலைக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான்.

“இது ஓகே. இது ஓகே. இது மஞ்சள், வேண்டாம், நேத்துலருந்து மூடியே வெச்சீங்களா? இதுல என்ன, படிகாரமா? ரிஜெக்ட்.”

“என்னது ரிஜெக்ட்டா?” படிகாரக்காரியின் குரல் ஏறியது. “எங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன கொறச்சல்? பதினெட்டு வருஷமா குடிக்கறோம்!”

“நீங்க குடிக்கலாம் அக்கா. குஞ்சு குடிக்கக் கூடாது.”

தமிழரசி தன் வீட்டுச் செம்புக் குடத்தை முன்னால் நகர்த்தினாள். புளி போட்டுத் துலக்கி, முகம் பார்க்கலாம்போல மின்னியது. சந்தின் பெருமை அந்தக் குடம்.

செல்வமேரி அளந்துகூடப் பார்க்கவில்லை. “செம்பு ஆகாது. மீன் செத்துப் போயிடும்.”

“அரே! டாக்டரே செம்புத் தண்ணி குடிக்கச் சொல்றார்!” தமிழரசிக்குக் கண்ணில் மறுபடி நீர், இந்த முறை வேறு காரணத்துக்கு. “ஒப்பாரி வெச்சு அழுதவ தண்ணி ஆகாதாம்!”

சித்தப்பா குறுக்கே புகுந்தார். “அத இங்க கொண்டாம்மா. செத்தவனுக்குத் தாகமா இருக்கு.” இரண்டு சொம்பு குடித்தார். “எங்க ஊரு கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கு” என்றார். அது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தமிழரசிக்குப் போதுமாக இருந்தது.

தேறிய தண்ணீர் பதினேழு டிகிரியில் கிடந்தது. மூன்று வீட்டு அடுப்பில் எவர்சில்வர் பாத்திரங்கள் ஏறின. கொதித்ததைக் கேனில் ஊற்றி, குளிர்ந்ததைக் கலந்து, முப்பத்தொன்றில் நிறுத்தினாள்; வழியில் ஆறும் என்று இரண்டு டிகிரி கூட. கேன்களைச் சுற்றப் போர்வைகள் வந்தன. சித்தப்பா தன் தோள் சால்வையையும் எடுத்து ஒரு கேனுக்குக் கட்டிவிட்டார். மூன்று கேன்கள் ஆட்டோவில் அவரோடு. இரண்டு ஸ்கூட்டரில்.

8

(காதல் காட்சி. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் இருப்பது இது ஒன்றுதான்.)

தாபோடிக்குப் போகும் பாலத்தின் மேல் அருண்ராஜ் மணிக்கு இருபது கிலோமீட்டரில் போனார். பின்னால் பஸ் ஒன்று விடாமல் ஹாரனை அழுத்தியது. ஒரு கேன் காலுக்கிடையில். இன்னொன்று செல்வமேரியின் மடியில், நீலப் பூப்போட்ட போர்வைக்குள். மூடியைக் கொஞ்சம் திறந்து வெப்பமானியை உள்ளே விட்டிருந்தாள்.

“எவ்ளோ?” என்றார் அருண்ராஜ், திரும்பாமல்.

“முப்பத்தொண்ணு.”

பஸ்காரர் ஜன்னல் வழியாக மராத்தியில் அவருடைய பரம்பரையை விசாரித்தார்.

“எவ்ளோ?”

“முப்பதரை.”

ஒரு குழி வந்தது. கால் ஊன்றி, ஸ்கூட்டரை நிறுத்தி, தள்ளிக் கடந்து, மறுபடி ஏறினார்.

“எவ்ளோ?”

“முப்பது. ஏங்க, குளிருதா உங்களுக்கு?”

“எனக்கென்ன. அதுக்குக் குளிருதான்னு பாருங்க.”

(இதற்கு மேல் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அவளுடைய இதயத்தின் வெப்பநிலை பற்றியது. வெட்கப்பட்டு நானே எடுத்துவிட்டேன்.)

9

வீட்டுக்கு வந்தபோது தொட்டி இருபத்து நாலு காட்டியது. அம்மா தன் பெட்ஷீட்டைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள், குளிருக்கு என்றாள். மீன்கள் இரண்டும் கன்னங்கரேல் என்று மூலையில்.

ஆசைக்கு உடனே ஊற்றிவிட முடியாது. அதிர்ச்சியில் போய்விடும். கேனை மேசைமேல் வைத்து, மெல்லிய ட்யூபில் முடிச்சுப் போட்டு, நூல்போலத் தண்ணீர் விழவிட்டாள். கடைசிக் கேன்கள் ஆறியபோது, அதிலிருந்தே கொஞ்சம் மொண்டு சூடாக்கிக் கலந்துகொண்டாள். ஐந்து கேன், இரண்டரை மணி நேரம். நான்கு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. தயிர் மேசையில் இருந்தது.

தண்ணீர் ஏறி ஹீட்டரைத் தொட்டதும் அதைப் போட்டாள். இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டரையில் அப்பா மீனின் வால் பக்கம் ஒரு கீற்று ஆரஞ்சு தெரிந்தது.

“மேரி” என்றார் சித்தப்பா, மூச்சுவிடாமல். “ஒட்டுது பாரு.”

ஒரு குஞ்சு. பிறகு மூன்று. பிறகு தொட்டியின் அடியில் கிடந்த தூசியெல்லாம் கிளம்பி அந்த வட்டமான உடம்பில் போய் அப்பிக்கொண்டது. அம்மா மீன் மூலையிலிருந்து நகர்ந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

அருண்ராஜ் கைதட்டிவிட்டு, சத்தம் ஆகாதோ என்று பயந்து கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சித்தப்பா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அறுபத்தொன்று என்றார். மறுபடி எண்ணி ஐம்பத்தெட்டு என்றார். மூன்றாம் முறை அறுபத்து நாலு.

பதினோரு குஞ்சுகள் பிழைக்கவில்லை. இது சந்தோஷமான கதை என்பதால் முதல் பிரதியில் இதை விட்டுவிட்டேன். செல்வமேரி சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினாள்: “பதினொண்ணு. எழுதுங்க.” அவற்றை அவள் ஒரு கரண்டியால் எடுத்தபோது சித்தப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டு, பால்கனிப் பூந்தொட்டியில் துளசிக்குப் பக்கத்தில் தானே புதைத்தார்.

10

நாலு மணிக்குச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்த சித்தப்பா, “எனக்குச் சம்மதம்” என்றார். “இப்படி நேரா ஏசுத பிள்ளை வீட்டுக்கு வந்தா, நாம செய்யதுல தப்பு இருந்தா உடனே தெரிஞ்சிடும்லா.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது செல்வமேரி, “நான் இன்னும் சொல்லலியே” என்றாள்.

முடிவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதல் முடிவில், அவள் தலைகுனிந்து சம்மதம் என்கிறாள். (அனுப்பினேன். “நான் எப்ப சார் தலையக் குனிஞ்சேன்?” என்று திரும்பி வந்தது.) இரண்டாவதில், எனக்கு இந்த வீடும் இந்தத் தொட்டியும் போதும் என்கிறாள். (இதை அருண்ராஜுக்கும் அனுப்பிவிட்டேன், தெரியாமல். ஒரு வாரம் அவர் என் போனை எடுக்கவில்லை.) மூன்றாவதில், சித்தப்பாவே ஒரு— (வேண்டாம். அவர் செத்ததே போதும்.)

நடந்தது இவ்வளவுதான்: செல்வமேரி அருண்ராஜைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். என்ன சொன்னாள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கேட்டேன். “அது அவருக்குச் சொன்னது சார். உங்களுக்கு இல்ல” என்றாள்.

அருண்ராஜையும் கேட்டேன். ஸ்கூட்டர் துடைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சித்தப்பாதான் வள்ளியூரிலிருந்து கூப்பிட்டு மீதியைச் சொன்னார். ஐந்து மணி, நல்ல வெயில். அவரும் அருண்ராஜும் போபோடிக்குக் கிளம்பினார்கள். இவர் பையோடு கீழே வாசலில் தயாராக நிற்கிறார். பால்கனியிலிருந்து வந்த அருண்ராஜ் படியில் இரண்டிரண்டாக இறங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பினார், ஸ்டாண்டை எடுக்காமலே. எடுத்தார். கிளம்பினார். ஹெல்மெட் கைப்பிடியில் ஆட, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி, போயே போய்விட்டார்.

“ஏல! என்னைய விட்டுட்டுப் போறியே!” என்று சித்தப்பா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

சந்தோஷத்தில் மறந்தாரா, துக்கத்தில் மறந்தாரா? சித்தப்பாவுக்குத் தெரியாது. “முதுகுதான பாத்தேன்” என்றார். ஆனால் அவர் உடனே நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தாராம். என்ன பார்த்தார் என்பதை என்னிடம் சொன்னார். கீழே உள்ள கடைசி வரியில் அதை எழுதி, பிறகு அழித்துவிட்டேன். இடம் மட்டும் இருக்கிறது. உங்களிடம் பென்சில் இருக்கும்.

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டர் போன திசையைப் பார்த்தபடி, செல்வமேரி (                              ) நின்றிருந்தாள்.